எளிமையா, சாரமா? காப்ரியேலே முன்டரின் ‘யவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும்’ நிலக்காட்சி ஓவியம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவான அவான்-கார்ட் எனப்படும் முன்னோடிக் கலை இயக்கத்தில் பங்குபெற்ற பெண் ஓவியர்களுள் காப்ரியேலே முன்டர் (1877–1962) குறிப்பிடத்தக்கவர். அவருடைய நிலக்காட்சி ஓவியங்களின் எளிமையை இயல்பூக்கத்தின் விளைவாகவும் கள்ளமற்ற பார்வையின் வெளிப்பாடாகவும் காணும் போக்கு கலை வரலாற்றில் நீண்டகாலம் நிலவியது. அவர் 1909-இல் வரைந்த ‘யவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும்’ என்னும் ஓவியத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு, அவ்வெளிமை தேர்ந்து விலக்கியதால் விளைந்த சாரம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அதே ஆண்டில் அவர் தீட்டிய வெரெஃப்கினின் உருவப்படம் ஒப்பீட்டுச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காப்ரியேலே முன்டர், முர்னாவ், நிலக்காட்சி, வெளிப்பாட்டியம், எல்லைக்கோடு, சாரம், பெண் ஓவியர்.

முன்னுரை

ஒரு கலைப்படைப்பை ‘எளிமையானது’ என்று கூறுவது இருவேறு மதிப்பீடுகளுக்கு இடமளிக்கும். படைப்பாளர் பலவற்றை அறிந்து, வேண்டாதவற்றை விலக்கி, வேண்டியதை மட்டும் நிறுத்தினார் என்பது ஒன்று. அவருக்குத் தெரிந்தது அவ்வளவே என்பது மற்றொன்று. முன்னது அறிவின் எளிமை. பின்னது அறியாமையின் எளிமை. இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். எனவே, எதை எவ்வகையில் சேர்ப்பது என்னும் தீர்ப்பில் படைப்பைக் காட்டிலும் படைப்பாளர் யார் என்பதே பல வேளைகளில் செல்வாக்குச் செலுத்துகிறது. ஆண் ஓவியரின் சுருக்கம் கோட்பாடாகவும், பெண் ஓவியரின் சுருக்கம் இயல்பாகவும் வாசிக்கப்படும் நிலைக்கு முன்டரின் ஓவியங்கள் பெற்ற வரவேற்பு தக்க எடுத்துக்காட்டாகும்.

பெர்லினில் பிறந்த முன்டர் 1901-இல் மியூனிக் நகருக்குக் கல்வி கற்க வந்தபோது, அந்நகரின் அரச கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1920-இல்தான் அதன் கதவு அவர்களுக்குத் திறந்தது. ஆகவே, அவர் முதலில் பெண் கலைஞர் சங்கம் நடத்திய பள்ளியிலும், பின்னர் ஃபாலங்ஸ் என்னும் தனியார் பள்ளியிலும் பயின்றார். பின்னதில் அவருக்கு ஆசிரியராக அமைந்தவர் வாசிலி காண்டின்ஸ்கி. பெரும் பெண் ஓவியர்கள் ஏன் தோன்றவில்லை என்னும் வினாவுக்கு விடையைத் தனிமனித ஆற்றலில் தேடாது, கல்வி நிறுவனங்களின் அமைப்பில் தேடவேண்டும் என்று லிண்டா நாக்லின் 1971-இல் முன்வைத்த வாதம் முன்டரின் கல்விக்கும் பொருந்தும். நிறுவனம் மறுத்த பயிற்சியைப் பல இடங்களில் திரட்டிக்கொண்டவரை ‘பயிற்சியற்ற இயல்பாற்றல்’ உடையவர் எனப் பிற்காலத்தார் கூறியது, மறுப்பையே பண்பாக மாற்றிய செயல் எனலாம்.

முர்னாவும் நால்வரும்

பவேரியாவின் தென்பகுதியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் முர்னாவ். 1908-ஆம் ஆண்டின் கோடை இறுதியில் முன்டர், காண்டின்ஸ்கி, அலெக்சி யவ்லென்ஸ்கி, மரியானே ஃபான் வெரெஃப்கின் ஆகிய நால்வரும் அங்குத் தங்கி அருகருகே ஓவியம் தீட்டினர். மறு ஆண்டு முன்டர் அங்கே ஒரு வீட்டை வாங்கினார். ‘ரஷ்யர் வீடு’ என ஊரார் அழைத்த அவ்வீட்டின் உரிமையாளர் ஜெர்மானியரான முன்டரே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 1909-இல் மியூனிக் புதிய கலைஞர் சங்கமும், 1911 இறுதியில் அதிலிருந்து பிரிந்த ‘நீலக் குதிரைவீரன்’ குழுவும் உருவாயின. இவ்விரண்டின் கண்காட்சிகளிலும் முன்டரின் ஓவியங்கள் இடம்பெற்றன. எனினும், நீலக் குதிரைவீரன் குழு 1912-இல் வெளியிட்ட தொகுப்பில் கட்டுரை எழுதியோர் அனைவரும் ஆண்களே. முன்டரின் ஓவியம் அதில் அச்சேறியது. அவருடைய சொல் அச்சேறவில்லை. படைப்பு பெண்ணுக்கும் கோட்பாடு ஆணுக்கும் உரியவை என்னும் பிரிவினை இயக்கத்திற்குள்ளேயே வேர்கொண்டிருந்ததை இது காட்டுகிறது.

ஓவியத்தின் அமைப்பு

‘யவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும்’ அட்டையில் தைலவண்ணத்தால் தீட்டப்பட்டது. அதன் அளவு 32.7 × 44.5 செ.மீ. மியூனிக் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் அது இடம்பெற்றுள்ளது. பச்சைப் புல்வெளிச் சரிவு, அதற்கு அப்பால் நீல மலை, மேலே வானம் ஆகியவையே காட்சி. அச்சரிவில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஓய்வாகச் சாய்ந்திருக்கின்றனர். பெண்ணின் அகன்ற தொப்பியில் மலர்கள் உள்ளன. ஒவ்வொரு நிறப்பரப்பையும் அழுத்தமான கருங்கோடு சூழ்கிறது. ஒளி எங்கிருந்து வருகிறது என்பதற்கான குறிப்போ, பரப்புக்குத் திரட்சி தரும் நிழலோ முதன்மை பெறவில்லை. புல் தனித்தனி இதழ்களாகப் பிரிக்கப்படவில்லை; மலையின் பாறைகள் காட்டப்படவில்லை.

இவ்வோவியத்தில் பார்வையாளரை முதலில் தடுத்து நிறுத்துவது முகங்களே. இருவரின் முகங்களும் கண், மூக்கு, வாய் எவையுமற்ற வெறும் நிறத்திட்டுகளாக விடப்பட்டுள்ளன. தலைப்போ இருவரையும் பெயரிட்டுச் சுட்டுகிறது. பெயர் தருவதை முகம் மறுக்கிறது. முகம் மறுத்ததை உடலின் சாய்வும் தொப்பியும் ஈடுசெய்கின்றன. இம்முரணே ஓவியத்தின் மையம். அதை விளக்காமல் அதன் எளிமையைப் பற்றி எதுவும் கூற இயலாது.

முகமற்ற முகம்: தேர்வுக்கான சான்று

முகம் வெறுமையாக விடப்பட்டதற்கு மூன்று விளக்கங்கள் கூறக்கூடும். தொலைவின் காரணமாக முகம் தெரியவில்லை என்பது முதல் விளக்கம். ஓவியத்தின் அகச்சான்றே இதனை மறுக்கிறது. முகத்தின் உறுப்புகள் தெரியாத தொலைவில் தொப்பியின் மலர்கள் மட்டும் தெரிவது எங்ஙனம்? கண்ணுக்குத் தெரிவதைத் தீட்டுவதே ஓவியரின் நோக்கமாயின் இரண்டும் மங்கியிருக்க வேண்டும். ஒன்று கொள்ளப்பட்டு மற்றொன்று தள்ளப்பட்டதால், இங்குச் செயற்பட்டது பார்வையின் எல்லையன்று, தேர்வு என்பது புலனாகிறது.

நாட்டார் ஓவியரைப் போன்ற கள்ளமற்ற கைப்போக்கு என்பது இரண்டாம் விளக்கம். ஆனால், முறைசார் பயிற்சி பெறாத நாட்டார் ஓவியம் பொதுவாக முகத்தை விட்டுவிடுவதில்லை. உடலும் பின்புலமும் எவ்வளவு சுருங்கினும், கண்ணைத் திறந்து வைப்பதில் அது கருத்தாக இருக்கும். முர்னாவ் வட்டாரத்துக் கண்ணாடி ஓவியங்களில் வரும் புனிதர் உருவங்களும் இவ்வியல்பின. முகத்தை வெறுமையாக விடுவது நாட்டார் மரபுக்கு எதிரான செயல். அதை நாட்டார் தன்மை என்று கொள்வது பொருந்தாது.

முகம் வரையும் திறன் போதாமை என்பது மூன்றாவது விளக்கம். இதனை மறுக்க வலுவான புறச்சான்று உண்டு. அதே 1909-இல் முன்டர் வெரெஃப்கினின் உருவப்படத்தையும் தீட்டினார். அதுவும் லென்பாக்ஹவுஸில் உள்ளது. மஞ்சள் பின்புலத்தின் முன்னே, மலர்கள் சூடிய பெருந்தொப்பியுடன், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கும் அப்பெண்ணின் முகம் கண்ணும் இதழும் உட்பட முழுமையாக அமைந்துள்ளது. ஒரே ஆண்டு, ஒரே ஓவியர், ஒரே மனிதர், அதே போன்ற தொப்பி. ஓர் ஓவியத்தில் முகம் தரப்பட்டது, மற்றொன்றில் விலக்கப்பட்டது. உருவப்படத்தின் சாரம் முகம். நிலக்காட்சியின் சாரம் இடத்தில் உடல்கள் அமர்ந்திருக்கும் முறை. எந்த வகைமைக்கு எது இன்றியமையாதது என்று எண்ணிப் பார்த்தவரே இவ்வாறு பிரித்தறிந்து தீட்ட முடியும். ஆகவே, முகமற்ற அம்முகம் குறைபாடன்று. வகைமையை அறிந்து எடுத்த முடிவு.

சாரம் என்னும் கருத்து

இம்முடிவுக்கு முன்டரின் சொல்லும் துணைநிற்கிறது. 1908-ஆம் ஆண்டு முர்னாவ் அனுபவத்தை 1911-இல் தம் நாட்குறிப்பில் அவர் பின்னோக்கி எண்ணிப் பார்த்துள்ளார். குறுகிய காலத் துன்பத்திற்குப் பின், இயற்கையை ஏறத்தாழ மனப்பதிவிய முறையில் படியெடுப்பதை விட்டு, உள்ளடக்கத்தை உணரவும் அருவப்படுத்தவும் சாரத்தைத் தரவும் ஒரு பெருந்தாவலை மேற்கொண்டதாக அதில் அவர் குறிக்கிறார். ‘தாவல்’ என்னும் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அதனைத் திடீர் உள்ளொளி என விளக்குவோர், அதற்கு முன்னுள்ள துன்பத்தையும் அதற்குப் பின்னுள்ள சாரத்தையும் கவனியாது விடுகின்றனர். சாரம் என்பது கிடைப்பதன்று, எடுக்கப்படுவது. பிழிந்து சக்கையை நீக்கினாலன்றிச் சாறு இல்லை. நீக்கியது எது என்று அறியாதவர் இச்சொல்லை ஆள்வதற்கு வாய்ப்பில்லை.

விரைவும் இங்கு எண்ணத்தக்கது. முர்னாவில் ஒரே நாளில் ஐந்து ஓவியங்கள் வரை தீட்டிய நாள்களும் இருந்தன என்று முன்டர் குறித்துள்ளார். அவை பெரும்பாலும் 33 × 41 செ.மீ. அளவிலான அட்டைகள். இவ்விரைவு சிந்தனையின்மைக்குச் சான்றாகக் கருதப்பட்டது. ஆனால் சிந்தனை தூரிகையோடு தொடங்கித் தூரிகையோடு முடிவதன்று. விரைந்த கைக்குப் பின்னே நெடிய பயிற்சி இருக்கக்கூடும். அப்பயிற்சி எங்கே நிகழ்ந்தது என்பதே அடுத்த வினா.

கோட்டின் பயிற்சி: ஒளிப்படம், அச்சு, கண்ணாடி

முன்டர் தம் தமக்கையுடன் 1898 முதல் 1900 வரை அமெரிக்காவில் உறவினர்களைக் கண்டு பயணம் செய்தார். அங்குக் கோடாக் கையடக்கக் கருவியால் ஏறத்தாழ 400 ஒளிப்படங்கள் எடுத்தார். தைலவண்ணத்தைக் கையாளக் கற்பதற்கு முன்பே, காட்சியின் எல்லையை எங்கு வெட்டுவது என்பதை அவர் கண் பழகியிருந்தது. சட்டத்திற்குள் எதை நிறுத்துவது என்னும் ஒளிப்படக்காரரின் முதல் வினா, எதை விலக்குவது என்னும் வினாவும் ஆகும்.

1906–1907 காலத்தில் பாரிசில் தங்கியிருந்தபோது அவர் மரவெட்டு, லினோவெட்டு முறைகளில் பல அச்சோவியங்களை உருவாக்கினார். வெட்டு அச்சில் ஒவ்வொரு நிறமும் தனிப்பரப்பு. நிறங்களை ஒன்றோடொன்று குழைத்து மறைக்க இயலாது. ஒரு பரப்பு எங்கு முடிகிறது என்பதைக் கத்தியால் முடிவு செய்தாக வேண்டும். முர்னாவுக்கு முந்தைய அவருடைய தைலவண்ண ஓவியங்களில் கத்தியால் அப்பிய மனப்பதிவியத் திட்டுகள் மிகுந்திருக்க, அச்சோவியங்களிலோ தெளிந்த பரப்பும் உறுதியான எல்லையும் ஏற்கெனவே அமைந்துவிட்டன. எனவே, 1908-இல் நிகழ்ந்த மாற்றம் வெற்றிடத்திலிருந்து எழுந்ததன்று. அச்சில் பயின்ற இலக்கணம் தைலவண்ணத்திற்கு இடம்பெயர்ந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

முர்னாவில் இவ்விலக்கணம் மற்றொரு கலைவடிவால் உறுதிபெற்றது. கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டி முன்புறமாகப் பார்க்கும் ஓவிய முறை அவ்வட்டாரத்தில் வழக்கிலிருந்தது. தஞ்சைக் கண்ணாடி ஓவியங்களால் தமிழர்க்கும் இம்முறை அறிமுகமானதே. ஹைன்ரிஷ் ராம்போல்டு என்னும் முர்னாவ்க் கைவினைஞரிடம் முன்டர் இதனைக் கற்றார். தம் வட்டத்தில் கண்ணாடியை முதலில் கையிலெடுத்தவர் தாமே எனப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்துள்ளார். இம்முறையில் வேலையின் வரிசை தலைகீழானது. துணியில் தீட்டுவோர் பின்புலத்தில் தொடங்கி நுணுக்கத்தில் முடிக்கலாம். கண்ணாடியில் எல்லைக்கோடும் நுணுக்கமும் முதலில், பின்புலம் இறுதியில். முதலில் இட்ட கோட்டைப் பின்னர் மேற்பூச்சால் திருத்த முடியாது. கோடு என்பது முடிவைத் தொடக்கத்திலேயே அறிவித்தல். இத்தகைய கலையை ஆர்வத்துடன் மேற்கொண்டவரின் கோட்டைத் தன்போக்கான கையசைவு எனக் கூறுவது ஏற்புடையதன்று.

தாக்கமும் தனித்தன்மையும்

முன்டரின் சாரக் கருத்து யவ்லென்ஸ்கியிடமிருந்து பெற்றதே என்று மறுப்புக் கூறலாம். இம்மறுப்பில் உண்மையுண்டு. பிரெஞ்சு ஓவியத்தின் பொன்-அவென் மரபை நன்கறிந்த யவ்லென்ஸ்கி, கண்டதையும் உணர்ந்ததையும் ஒருங்கிணைக்கும் தொகுப்பு முறையை முர்னாவ் நண்பர்களிடம் எடுத்துரைத்தார். அவரிடம் கற்றதை முன்டரும் மறைக்கவில்லை. ஆயினும், கற்றுக்கொள்வது சிந்தனையின் அடையாளமேயன்றிச் சிந்தனையின்மையின் அடையாளம் அன்று. காண்டின்ஸ்கியும் அதே உரையாடல்களில் பங்குபெற்றார். அவர் பெற்றது வளர்ச்சி என்றும், முன்டர் பெற்றது தாக்கம் என்றும் பிரித்துரைப்பதில் நடுநிலை இல்லை.

மேலும், இருவரும் பெற்றதைக் கொண்டு சென்ற திசைகள் வேறு. காண்டின்ஸ்கியின் முர்னாவ் நிலக்காட்சிகளில் நிறம் படிப்படியாகப் பொருளின் எல்லையை மீறிப் பரவுகிறது. முன்டரிடமோ நிறம் எவ்வளவு செறிந்தாலும் கோட்டுக்குள் அடங்குகிறது. முன்னவர் பொருளைக் கரைத்து அரூபத்தை நோக்கினார். பின்னவர் பொருளைச் சுருக்கி அதனை நிலைநிறுத்தினார். இவை ஒரே வினாவுக்குக் கிடைத்த இருவேறு விடைகள்.

நிலத்தில் இருவர்

‘யவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும்’ தீட்டப்பட்ட 1909-ஆம் ஆண்டுக் கோடையில், டிரெஸ்டன் நகரின் ‘பாலம்’ குழுவைச் சேர்ந்த கிர்ஷ்னரும் ஹெக்கலும் மோரிட்ஸ்பூர்க் ஏரிக்கரைகளில் ஆடையற்ற மாதிரிகளை வரைந்துகொண்டிருந்தனர். இயற்கையோடு ஒன்றுதல் என்னும் புதிய கலையின் கனவுக்கு அங்குப் பெண்ணுடல் குறியீடாயிற்று. முன்னோடிக் கலையின் விடுதலைப் பேச்சு, ஆண் ஓவியரின் விடுதலையையும் பெண்ணுடலின் அடக்கத்தையும் ஒருசேரக் கொண்டிருந்தது என்று கரோல் டங்கன் 1973-இல் எடுத்துக்காட்டினார். அப்பின்னணியில் வைத்து நோக்கும்போது முன்டரின் சிறு அட்டை புதிய பொருள் பெறுகிறது.

இங்கும் பெண் புல்வெளியில் சாய்ந்திருக்கிறார். ஆனால் அவர் ஆடையணிந்த ஓவியர், அருகிலிருப்பவரும் ஓவியர். ஒருவர் காண்பவராகவும் மற்றவர் காணப்படுபவராகவும் பிரிக்கப்படவில்லை. பெண்ணை மட்டும் நிலத்தோடு இணைத்து ஆணை நிலத்திற்கு மேல் நிறுத்தவுமில்லை. மலையைச் சூழும் அதே கருங்கோடு இருவரையும் சூழ்கிறது. சுருக்கம் இருவருக்கும் ஒரே அளவினது. முகத்தை இழந்ததிலும் அவர்கள் சமமானவர்களே.

இச்சமநிலையின் அருமை வெரெஃப்கினின் வாழ்வை அறிந்தார்க்கு விளங்கும். ரஷ்யாவில் புகழ்பெற்ற ஓவியராயிருந்த அவர், 1896 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் தம் ஓவியப் பணியைக் கைவிட்டு யவ்லென்ஸ்கியின் வளர்ச்சிக்குத் துணைநின்றார். மியூனிக் நகரில் அவருடைய இல்லம் கலைச் சிந்தனையாளர் கூடும் களமாக விளங்கியது. ஒருவருக்காக மற்றவர் பின்வாங்கிய அவ்வரலாற்றை முன்டரின் ஓவியம் விவரிக்கவில்லை. எனினும், பெயரிலும் கோட்டிலும் இருவரையும் ஒரே வரிசையில் அமர்த்துகிறது.

அளவுகோலின் சிக்கல்

முன்டரை இயல்பாற்றல் மிக்கவராக மட்டும் காணும் பார்வைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. அவருக்குத் தாம் கற்பிக்கத்தக்கது எதுவுமில்லை, உள்ள ஆற்றலைக் காப்பதே இயலும் என்ற பொருள்பட ஆசிரியராயிருந்த காண்டின்ஸ்கி கூறியதாக அறியப்படுவது ஒன்று. முன்டரின் பிற்கால வாழ்க்கைத் துணைவரான யோஹான்னஸ் ஐக்னர், காண்டின்ஸ்கியையும் முன்டரையும் பற்றி 1957-இல் வெளியிட்ட நூலில் அவரைக் கள்ளமற்ற, கோட்பாட்டுச் சார்பற்ற ஓவியராகச் சித்திரித்தது மற்றொன்று. இரண்டும் பாராட்டாகவே கூறப்பட்டவை. பாராட்டாக இருப்பதே அவற்றை மறுப்பதைக் கடினமாக்கியது.

இவற்றுக்கு அடியில் இருப்பது ஓர் அளவுகோல். நவீன ஓவியத்தின் வரலாறு அரூபத்தை நோக்கிய பயணம் என்று வரையறுத்துவிட்டால், பொருளைக் கைவிடாத ஓவியர் வழியில் நின்றுவிட்டவராகவே தோன்றுவார். நின்றதற்குக் காரணம் தேடும்போது, அவருக்கு இயல்பு இருந்தது, கோட்பாடு இல்லை என்ற விடை எளிதில் கிடைத்துவிடுகிறது. அளவுகோல் ஆராயப்படாதவரை அவ்விடையும் ஆராயப்படாது. இரண்டாம் உலகப்போர் முடியும்வரை காண்டின்ஸ்கியின் ஓவியங்களைத் தம் முர்னாவ் வீட்டின் நிலவறையில் பாதுகாத்து, 1957-இல் தம் எண்பதாம் அகவையில் அவற்றையும் தம் ஓவியங்களையும் லென்பாக்ஹவுஸுக்குக் கொடையளித்தவர் முன்டர். காண்டின்ஸ்கியின் தொடக்ககால வரலாற்றை எழுதுவதற்கான சான்றுகளுள் பெரும்பகுதி அவர் காத்தளித்தது. அவ்வரலாற்றின் ஓரத்திலேயே அவர் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தார்.

நிறைவுரை

‘யவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும்’ ஓவியத்தை ஆராய்ந்ததில் பின்வருவன தெளிவாகின்றன. முகத்தை விலக்கி மலரைக் கொண்டமை, பார்வையின் எல்லையால் நேர்ந்ததன்று, தேர்வினால் அமைந்தது. அதே ஆண்டின் வெரெஃப்கின் உருவப்படத்துடன் ஒப்பிடுகையில், அத்தேர்வு உருவப்படம், நிலக்காட்சி என்னும் வகைமை வேறுபாட்டை உணர்ந்து செய்யப்பட்டது என்பது உறுதியாகிறது. முர்னாவுக்கு முன்பே ஒளிப்படத்திலும் வெட்டு அச்சிலும் பழகிய எல்லை பற்றிய அறிவு அதற்கு அடிப்படையாயிற்று. கண்ணாடி ஓவியம் அதனை வலுப்படுத்தியது. ஆணையும் பெண்ணையும் நிலத்தில் ஒரே கோட்டால் சமமாக அமைத்தது, அக்கால முன்னோடிக் கலையின் பெண்ணுடல் மரபிலிருந்து விலகிய நிலைப்பாடாகும்.

முன்டர் தம் கோட்பாட்டைக் கட்டுரையாக எழுதவில்லை என்பதால் அவரிடம் கோட்பாடு இல்லை என்று முடிவு செய்வது பொருந்தாது. எதை விட்டார், எதை வைத்தார், எந்த ஓவியத்தில் எந்த அளவில் என்பதை ஒப்பிட்டு நோக்கினால், அவருடைய கோட்பாட்டை அட்டையின் மீதே வாசிக்க இயலும். சிறிய அளவின, விரைந்து தீட்டப்பட்டவை, எளிமையானவை என்று ஒதுக்கப்பட்ட பிற பெண் ஓவியர்களின் நிலக்காட்சிகளையும் இம்முறையில் அணுகுவது, முன்னோடிக் கலையின் வரலாற்றில் சிந்தனைக்குரிய இடம் யாருக்கு வழங்கப்பட்டது என்பதை மறுபரிசீலனை செய்ய உதவும்.